மார்க் பிராட்ஃபோர்டிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி: வண்ணத்தாள்களையும் பழைய பத்திரிகைகளையும் வெட்டி ஒட்டிப் படங்கள் செய்வது என் பொழுதுபோக்கு. அண்மையில் அமெரிக்கக் கலைஞர் மார்க் பிராட்ஃபோர்டின் படைப்புகளைப் புகைப்படங்களில் பார்த்தேன். அவரைப் போலச் செய்து பார்த்தால் எனக்கு வெறும் அழுக்குத்தாள்தான் மிஞ்சுகிறது. காப்பியடிக்காமல் அவரிடமிருந்து ஊக்கம் பெறுவது எப்படி? எங்கள் மதுரைச் சுவர்களில் உள்ள போஸ்டர்களைப் பயன்படுத்தலாமா? எந்தப் பசை, எந்தப் பலகை நல்லது? நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன்; கலை படித்தவன் இல்லை.

பதில்: கடைசி வாக்கியத்தைப் போகிறபோக்கில், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே முக்கியமான தகவல் அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பிராட்ஃபோர்டு எங்கே தொடங்கினார் என்று பார்த்துவிடலாம். நீங்கள் அவருடைய பயணத்தின் முடிவைப் பார்த்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி நடக்க முயன்றிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அழுக்குத்தாள் மிஞ்சியதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

அவர் 1961இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அவருடைய அம்மா அந்த நகரின் லெய்மர்ட் பார்க் பகுதியில் சிகை அலங்கார நிலையம் நடத்தினார். கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் பகுதி அது. சிறுவயதில் அங்கே கூடமாட உதவியவர், வளர்ந்ததும் உரிமம் பெற்று அதே தொழிலில் நின்றார். முப்பதை ஒட்டிய வயதில்தான் கலைக் கல்வி. கால்ஆர்ட்ஸ் என்று அழைக்கப்படும் கலிபோர்னியா கலைக் கல்வி நிறுவனத்தில் 1995இல் இளங்கலை, 1997இல் முதுகலை. இரண்டு பட்டம் வாங்கிய பிறகும் பிழைப்பு சலூனில்தான் நடந்தது.

அந்தச் சலூனில் தினமும் கையாளப்பட்ட பொருள் எண்ட் பேப்பர். முடியைச் சுருட்டி நிலைநிறுத்தும்போது, ஈரமான முடியில் ஒரு கற்றையைப் பிரித்து, அதன் நுனியை ஒரு சிறு தாளுக்குள் மடித்துப் பிடித்து, அப்படியே உருளையில் சுற்றுவார்கள். நுனி தாறுமாறாகத் திரும்பிக்கொள்ளாமல் தாள் காக்கும். மிக மெல்லிய தாள், வெளிச்சம் ஊடுருவும், ஈரத்தைத் தாங்கும். சில்லறைக் காசுக்கு ஒரு பெட்டி கிடைக்கும். எண்ணெய் வண்ணம் வாங்க வசதியில்லாத காலத்தில் பிராட்ஃபோர்டின் கை இதன்மேல் போனது.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் நெருப்பில் கருக்கினார். கருகிய விளிம்பு மெல்லிய கரும்பழுப்புக் கோடாக நின்றது. அந்தத் தாள்களை ஒன்றன் ஓரம் இன்னொன்றின்மேல் படியும்படி வரிசை வரிசையாக ஒட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டம் கட்டமான அமைதியான பரப்பு. கிட்டே போனால் எந்தக் கோடும் நேராக இல்லை. ஒவ்வொன்றும் நெருப்பு எவ்வளவு தின்றதோ அந்த அளவுக்கு வளைந்திருக்கிறது. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் சற்று அடர்த்தியாகவும் ஒற்றைத் தாள் இருக்கும் இடம் வெளிறியும் தெரியும். 2000ஆம் ஆண்டின் 'எண்டர் அண்ட் லீவ் த நியூ நீக்ரோ' இந்த வகையைச் சேர்ந்தது. அதில் படுக்கை விரிப்பையும் பயன்படுத்தியிருக்கிறார். 2001இல் நியூயார்க்கின் ஹார்லெம் ஸ்டுடியோ மியூசியத்தில் தெல்மா கோல்டன் அமைத்த 'ஃப்ரீஸ்டைல்' கண்காட்சி அவரை வெளியுலகுக்குக் காட்டியது.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அவர் பின்னால் செய்த பிரம்மாண்டங்களைவிட இந்தச் சலூன் தாள் படங்கள்தான் எனக்கு நெருக்கமானவை. பெரியவற்றில் சில சமயம் அளவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அவரும் அந்தத் தாளைக் கைவிட்டுவிடவில்லை. 2017இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்க அரங்கு முழுவதும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, கிரேக்கப் புராணக் கடற்கன்னியரின் பெயர்களைச் சூட்டிய பெரிய படங்களை எண்ட் பேப்பரில்தான் செய்து மாட்டினார்.

அடுத்த கட்டம் தெரு. 1992இல், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைத் தாக்கிய காவலர்கள் விடுவிக்கப்பட்டதும் லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தது. எரிந்த கடைகள் இருந்த காலி மனைகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். அந்த வேலிகளில் சின்னச் சின்ன வணிகர்களின் விளம்பரத் தட்டிகள் தொங்கத் தொடங்கின. 'உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்', 'உடனடிக் கடன்', 'தந்தை யார் என்று அறிய டிஎன்ஏ சோதனை', 'சிறையிலிருப்பவருடன் குறைந்த கட்டணத்தில் பேசலாம்' என்ற ரகம். ஒரு பகுதியில் எத்தகைய விளம்பரங்கள் ஒட்டப்படுகின்றன என்று பார்த்தால் அங்கே வாழ்பவர்களின் இக்கட்டு என்ன, அதில் காசு பார்ப்பவர் யார் என்பது தெரிந்துவிடும். பிராட்ஃபோர்டு அந்தத் தட்டிகளைக் கழற்றி எடுத்துவந்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக எடுக்கவில்லை. உங்கள் மதுரைப் போஸ்டர் கேள்விக்கான பதிலின் முதல் பாதி இது.

இப்போது அவருடைய செய்முறை. தாளை ஒட்டுவார்; அதன்மேல் கயிறோ நூலோ வைத்தும், கட்டடச் சந்துகளை அடைக்கும் பசையைப் பிதுக்கியும் கோடுகள் இழுப்பார்; அதன்மேல் மீண்டும் தாள்; மீண்டும் பசை. அடுக்கு தடித்துக் காய்ந்ததும் மின்சாரத் தேய்ப்பு இயந்திரத்தை எடுத்து மேற்பரப்பைத் தேய்ப்பார், கிழிப்பார், நீரைப் பீய்ச்சுவார், வெளுப்பான் ஊற்றுவார். பெரும்பாலான கருவிகள் கட்டடப் பொருள் கடையில் வாங்கியவை. கோடு எப்படிப் பிறக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். கயிறு இருக்கும் இடத்தில் தாள் மேடாக நிற்கிறது. தேய்க்கும்போது மேடுதான் முதலில் தேயும். எனவே அந்த இடத்தில் மட்டும் மேல் அடுக்கு போய்விடும். கீழே புதைந்திருக்கும் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளையங்கள்போலத் திறக்கும். நகர வரைபடத்தின் தெருக்கள்போல உங்களுக்குத் தெரிந்தவை பெரும்பாலும் இந்த மேடுகள்தான். தூரிகை அந்தப் பக்கமே போகவில்லை.

எங்கே தேய்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதை அவர் தீர்மானிக்கிறார். அடியில் என்ன நிறம் இருக்கிறது என்பது அவருக்கே பாதிதான் நினைவிருக்கும். கொலாஜ், அதாவது வெட்டி ஒட்டும் படம், செய்பவர்களில் பெரும்பாலோர் சேர்ப்பதில் கவனம் வைப்போம். அவருடைய படம் எடுப்பதில் உருவாகிறது. உங்களுக்கு அழுக்குத்தாள் கிடைத்ததற்கு இரண்டாவது காரணம் இங்கே இருக்கலாம்: மூன்றே அடுக்கு ஒட்டிவிட்டுத் தேய்த்திருப்பீர்கள். அடியில் எதுவும் இல்லாதபோது தேய்த்தால் அட்டைதான் தெரியும்.

இந்தத் தேய்ப்பு வெறும் உத்தியாக நின்றிருந்தால் இத்தனை பேர் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். 2006இல் செய்த 'ஸ்கார்ச்ட் எர்த்' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1921இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கிரீன்வுட் என்ற வளமான கறுப்பினக் குடியிருப்பை வெள்ளையர் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. நெடுங்காலம் அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் அதற்கு இடமில்லை. மேலே இருந்து பார்த்த நகரம்போலத் தெரியும் அந்தப் பரப்பில், விளம்பரப் பலகைத் தாளும் கார்பன் தாளும் வெளுப்பானும் சேர்ந்து கருகிய வீதிகளாகக் கிடக்கின்றன. மூடி மறைக்கப்பட்ட ஒரு செய்தியைச் சொல்ல, மூடித் தேய்க்கும் முறை பொருத்தமாக அமைந்துவிட்டது.

2017இல் வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் வைத்த 'பிக்கெட்ஸ் சார்ஜ்' இன்னொரு வகை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையைப் பற்றி பிரெஞ்சு ஓவியர் போல் பிலிப்பொட்டோ 1883இல் வரைந்த வட்டச்சுவர் ஓவியத்தின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து, பெரிதாக அச்சிட்டு, வண்ணத்தாள் அடுக்குகளுக்கும் கயிறுகளுக்கும் நடுவே புதைத்தார். பிறகு கயிற்றை இழுத்துக் கிழித்தார். எட்டுப் படங்கள், மொத்தம் ஏறத்தாழ 400 அடி நீளம். குதிரையும் புகையும் அங்கங்கே கீற்றாகத் தெரியும். முழுப் போரும் எங்கும் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வேறு. 2015இல் லாஸ் ஏஞ்சலஸின் ஹாமர் அருங்காட்சியக முகப்புக்கூடத்தில் அவர் ஒரு சுவர்ப் படம் செய்தார். ஒரு துண்டுத் தாள்கூட ஒட்டவில்லை. அந்தச் சுவரில் முன்பு பல ஓவியர்கள் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மேலே வண்ணம் பூசி மூடியிருந்தார்கள். பிராட்ஃபோர்டு அந்த அடுக்குகளைச் சுரண்டியும் தேய்த்தும் அமெரிக்க வரைபடத்தை வெளியே எடுத்தார். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருக்கு எய்ட்ஸ் கண்டறியப்பட்டது என்ற எண் அந்தந்த மாநிலத்தின்மேல். பெயர் 'ஃபைண்டிங் பேரி'. அடியில் புதைந்திருந்த பேரி மெக்கீ என்ற ஓவியரின் பழைய சுவர்ப்படத்தைத் தேடியதால் வந்த பெயர். இவரிடம் கற்றுக்கொள்ள நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். பொருள் முழுவதும் ஏற்கெனவே அங்கேயே இருந்தது.

காப்பியடிப்பது பற்றி ஒரு வார்த்தை. போஸ்டரைக் கிழித்து முதன்முதலில் கலையாக்கியவர் பிராட்ஃபோர்டு அல்லர். பாரிஸில் ரேமோன் ஹேன்ஸும் ஜாக் வில்லெக்லேயும் 1949இலேயே தெருச்சுவரின் கிழிந்த சுவரொட்டிகளை அப்படியே பெயர்த்தெடுத்துப் படமாக்கினார்கள். அவர்களுக்கும் முன்னால், 1912இல், பிராக் என்ற ஓவியர் அவிஞோன் நகரக் கடையில் மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கிவந்து படத்தில் ஒட்டினார். உத்தியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. தேய்ப்பதையும் கயிறு புதைப்பதையும் தாராளமாகச் செய்யுங்கள். கருகிய ஓரக் கட்டங்களை மட்டும் விட்டுவிடுங்கள். அது அவருடைய அம்மாவின் கடையிலிருந்து வந்தது. உங்களிடம் வந்தால் அது வேடம்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாகப் பதினாறாக மடித்து வைத்திருக்கும் விவரத்தாளை ஒரு முறை முழுதாக விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய தாள். இரண்டு பக்கமும் எறும்பு எழுத்து. வெளிச்சத்தில் பின்பக்க எழுத்து தலைகீழாக முன்பக்க எழுத்தோடு கலந்து சாம்பல் நிறமாகும். மடிப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடித் தாமாகவே கட்டம் போட்டிருக்கும். இதைப் படிப்பவர் நூற்றுக்கு ஒருவர்கூட இருப்பாரா என்பது சந்தேகம். அதில் அச்சிட்டிருப்பதோ உடம்புக்குள் என்னென்ன ஆகலாம் என்ற நீண்ட பட்டியல். தினமும் உங்கள் கைவழியாகப் போய்க் குப்பைக்கூடையில் விழும் இந்தத் தாள், உங்களுடைய எண்ட் பேப்பர். உங்களுக்குக் கருக்க வேண்டிய தேவையே இல்லை. மடிப்பு உங்களுக்குக் கோடு போட்டுத் தந்துவிட்டது.

இதோடு காலியான அலுமினிய மாத்திரைப் பட்டைகள், மருந்துப் பெட்டியின் அட்டை, பழுப்புக் காகித உறை, பில் தாள் என்று உங்களைச் சுற்றி ஒரு பண்டகசாலையே இருக்கிறது. பில் தாளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சூட்டில் எழுத்து வரும் வகைத் தாள் சில மாதங்களில் வெளிறிவிடும். அந்த வெளிறலையே படத்தின் பொருளாக்கத் திட்டமிருந்தால் ஒட்டுங்கள்; இல்லையென்றால் வேண்டாம். மருத்துவரின் மருந்துச்சீட்டு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் தொடாதீர்கள். அதில் ஒருவருடைய பெயரும் நோயும் இருக்கிறது.

மருத்துவத் தாளில் கலை செய்வது விசித்திரமாகத் தோன்றினால், நைரோபியில் பிறந்த வாங்கேச்சி முட்டு 2004இல் செய்த பன்னிரண்டு கொலாஜ்களைத் தேடிப் பாருங்கள். பழைய மருத்துவ நூலின் கருப்பைக் கட்டிப் படங்களை அடித்தளமாக வைத்து, அவற்றின்மேல் பத்திரிகைகளில் வெட்டிய கண்ணையும் உதட்டையும் ஒட்டிப் பெண் முகங்களாக்கியிருப்பார். ஒரு முறை பார்த்தால் மறக்காது.

போஸ்டர் கேள்வியின் மறுபாதி. மதுரைக்குப் போஸ்டர் புதிதில்லை. அரசியல் வரவேற்பு, காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, திரைப்படம், கண்ணீர் அஞ்சலி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சுவர் அடுக்கு அங்கே விரல்கடை தடிமனில் கிடைக்கும். நல்ல மழைக்கு மறுநாள் ஓரம் தானாகவே எழும்பியிருக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் முழு அடுக்கும் பாளமாக வரும். ஒவ்வொன்றாகப் பிரிக்க முயலாமல் பாளமாகவே கொண்டுவாருங்கள். நிழலில் காயவிட்டுத் தேய்த்தால் யார் மேல் யார் ஒட்டினார்கள் என்பது தெரியும். நேற்று ஒட்டிய விளம்பரத்தைக் கிழிக்காதீர்கள். ஒட்டியவர் காசு கொடுத்திருக்கிறார். அஞ்சலிப் போஸ்டரில் இருப்பது ஒரு குடும்பம் இன்னும் அழுதுகொண்டிருக்கும் முகம். அழகான கிழிசலுக்காக அந்த முகத்தைத் தேய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிராட்ஃபோர்டு எடுத்த விளம்பரங்களில் தொலைபேசி எண்ணும் ஆசைவார்த்தையும் இருந்தன, இழவு இல்லை. நம் ஊரிலும் கடன், நிலம், வேலைவாய்ப்பு, மூலம் பவுத்திரம் என்று சுவரொட்டிகளுக்குப் பஞ்சமில்லை. மருந்துக்கடைக்காரருக்கு அந்தக் கடைசி வகைமேல் சொல்ல நிறைய இருக்கும்.

பலகை: ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத பிளைவுட் அல்லது எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை). கேன்வாஸில் தேய்க்காதீர்கள், பின்னால் சட்டம் ஓடும் இடத்தில் அழுத்தம் கூடி ஓட்டை விழும். பலகையின் முன்பக்கம் ஈரத்தாள் ஒட்டிக் காய்ந்தால் அது பலகையை இழுத்து வளைக்கும். எனவே பின்பக்கமும் சாதாரணத் தாளை ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமாகும். பைண்டிங் தொழிலாளர்கள் அட்டைக்குச் செய்வது இதுவே.

பசை: மைதாப் பசை மலிவு, தேய்க்கவும் இதம். ஆனால் பூச்சி வரும். போஸ்டர் ஒட்டுபவர்களும் பைண்டர்களும் அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது அதற்காகத்தான். மயில்துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், பிறகு தேய்க்கும்போது அந்தத் தூளும் மூக்கில் ஏறும். அதனால் தேய்க்கப்போகும் படத்துக்கு நான் மைதாவைப் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெல் மீடியம் இன்னும் நல்லது, பிராட்ஃபோர்டும் அதைத்தான் பயன்படுத்துகிறார், ஆனால் விலை கூடுதல். இரண்டுமே தேய்க்கும் சூட்டில் இளகி உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும். இயந்திரம் வேண்டாம், கையால் மெதுவாகத் தேயுங்கள். 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, நிறம் திறக்கத் தொடங்கியதும் 220க்கு மாறுங்கள்.

விவரத்தாளை ஒட்டும்போது பசையைத் தாளில் தடவினால் கிழியும். பலகையில் தடவி, தாளைக் காய்ந்தபடியே ஒரு ஓரத்திலிருந்து படிய விட்டு, ரப்பர் உருளையை ஓட்டுங்கள். மாறாகத் தடித்த போஸ்டர் தாள் என்றால் முதலில் பின்பக்கம் ஈரம் காட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். தாள் ஈரத்தில் விரியும்; விரிந்த பிறகு ஒட்டினால் காயும்போது தானே இறுகிச் சுருக்கம் போகும். விரியும் முன்பே ஒட்டினால் குமிழி குமிழியாக எழும்பும்.

அளவு, ஒரு நோட்டுப் புத்தகம் விரித்த அளவு போதும். அதில் பன்னிரண்டு அடுக்காவது ஏற்றுங்கள். நடுவே இரண்டு மூன்று அடுக்குகள் மட்டும் அழுத்தமான நிறமாக இருக்கட்டும். சிவப்பு மாத்திரை அட்டை, நீலப் பெட்டி, எது வேண்டுமானாலும். சணல் நூலை நான்காவது அடுக்கின்மேலும் எட்டாவது அடுக்கின்மேலும் வையுங்கள். ஒவ்வொரு அடுக்கும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மழைக்காலமானால் ஒரு நாள் கூடுதலாக விடுங்கள், உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். அச்சு மையும் பசையும் கலந்த தூள் அது. முகக்கவசம் உங்கள் கடையில் நல்லதாகவே கிடைக்கும். முடிந்ததும் ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த தூரிகையால் தூளைத் தட்டிவிட்டு, மேலே நீர்த்த ஜெல் மீடியம் ஒரு பூச்சு. பளபளப்பு பிடிக்காது என்றால் மேட் வகையைக் கேட்டு வாங்குங்கள்.